எந்த முனையை முதலில் கழற்றுவது?

பேராக் மாநிலத்தின் தெற்கே, பீடோரைக் கடந்து சிலிம் ரீவரை நோக்கிச் செல்லும் பழைய சாலையில் பிரயாணம் செய்கிறவர், ஒரு காலத்தில் ரப்பர் மரங்களாய் நின்று இன்று பெரும்பாலும் செம்பனையாய் மாறிவிட்ட தோட்டங்களை இருமருங்கிலும் பார்த்துக்கொண்டே சுங்காய் என்னும் சிற்றூரை வந்தடைவார். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்ற பிறகு, கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே ஓடும் வண்டிகளில் மிகப் பல இந்த ஊருக்குள் நுழையாமலே போய்விடுகின்றன. ஆயினும், வெந்நீர் ஊற்றைத் தேடி விடுமுறை நாட்களில் வந்து சேரும் குடும்பங்களும், தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான்களில் குடியேறிவிட்ட மக்களின் கஞ்சில்களும் மைவிகளும், பனைக்குலை சுமந்து புழுதியில் உறுமிச் செல்லும் லோரிகளும் இருக்கும்வரை, பேட்டரியையும் மின்கம்பிகளையும் பழுது பார்க்கும் ஒயர்மேன் பட்டறைகளுக்கு இங்கே வேலை இல்லாமற் போகாது. வீட்டுக்குக் கம்பி இழுக்கும் ஒயர்மேனுக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். காடிக்குக் கம்பி இழுக்கும் ஒயர்மேனோ பெரும்பாலும் கைப்பழக்கத்தின் மூலமாகவே தொழிலுக்கு வந்தவர். இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கும் நன்மை தீமைகளைச் சற்று நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தொழிலைப் பற்றிச் சாமானியரிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வெளிப்படுவது ஓர் அச்சம். அந்த அச்சமோ இடம் மாறிய அச்சம். வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரம் ஆளைத் தாக்கி வீழ்த்திவிடும் என்பதை அறிந்தவர்கள், மோட்டார் பேட்டரியின் முனைகளைத் தொட்டாலும் ‘ஷாக்’ அடித்துவிடும் என்று எண்ணிக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்கள். உலர்ந்த தோலை ஊடுருவி உடலுக்குத் தீங்கு செய்ய 12 வோல்ட்டுக்கு வலுப் போதாது என்பதே உண்மை. ஆனால் அதே பேட்டரி, என்ஜினைச் சுழற்றிவிடும் ஒரு கணத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் தயக்கமின்றி வழங்கவல்லது. அதன் நேர்முனைக்கும் வண்டியின் இரும்புடம்புக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்துவிட்டால், தடையேதுமற்ற அப்பாதையில் பாயும் மின்னோட்டம் அதனினும் பன்மடங்கு. ஸ்பானர் சிவந்து முனையோடு பற்றிக்கொள்ளும். ஈயம் உருகி வழியும். அப்பாதையில் விரல் மோதிரம் ஒன்று அகப்பட்டிருந்தால், சுற்றியுள்ள சதையை அது கண நேரத்தில் வேகவைத்துவிடும். அடிக்காத மின்சாரத்துக்கு அஞ்சுகிற மனிதர், சுட்டுவிடக்கூடிய மோதிரத்தைக் கழற்ற மறந்துபோகிறார்.

நம் தோட்டத்து மக்களுக்குப் பேட்டரி புதிய வஸ்து அன்று. பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே 1859-இல் அமைத்த ஈயப் பேட்டரி, 1912-இல் காடில்லாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்ட பின்னர்தான் மோட்டார் வண்டியின் இன்றியமையாத அங்கமாயிற்று என்பது சரித்திரம். லயத்து வீடுகளுக்கோ அது துரையின் வண்டி வழியாக மட்டும் வரவில்லை. வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் வந்தது. 1963 டிசம்பரில் இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கிய பின்னரும் நெடுங்காலம், இரவில் குறித்த நேரத்துக்கு மேல் ஜெனரேட்டர் நின்றுவிடும் தோட்டங்களும், மின்கம்பமே எட்டிப் பாராத கம்போங்குகளும் இருந்தன. அங்கெல்லாம் மோட்டார் பேட்டரியின் முனைகளில் இரண்டு கவ்விகளை மாட்டி, கறுப்பு வெள்ளைப் பெட்டியில் தமிழ்ப் படம் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. சார்ஜ் தீர்ந்த பேட்டரியைச் சைக்கிளின் பின்புறம் கட்டி, கடைவீதிப் பட்டறையில் விட்டு, மறுநாள் காசு கொடுத்து மீட்டு வந்த பையன்களில் சிலர் அந்தப் பட்டறையிலேயே கையாளாகத் தங்கித் தொழிலையும் பழகிக்கொண்டார்கள்.

அவர்கள் கற்றுக்கொண்டவை விதிகள். இதை முதலில் கழற்று, அதைக் கடைசியில் மாட்டு, இதற்கு நெருப்புக் காட்டாதே என்று குருநாதர் சொன்னதைச் சிரத்தையாகக் கடைப்பிடித்தார்கள். விதிக்குக் காரணம் கேட்டவர் சிலர், கேளாதவர் பலர். வண்டிகள் ஒரே மாதிரியாக இருந்தவரை இவ்விரு சாராரிடையேயும் பேதம் தெரியவில்லை.

பேட்டரியின் உள்ளே நிகழ்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறு அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகளும் ஈய ஆக்சைடு பூசிய தகடுகளும் நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் மூழ்கியிருக்கும். அறைக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட் வீதம், முழுச் சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் சக்தியில் பாதி போய்விட்டது. 12-க்குக் கீழே இறங்கிவிட்டால் அது களைத்துப்போன பேட்டரி. மின்சாரம் வெளியேற வெளியேற இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனுக்குடன் சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாசலில் வாரக்கணக்காக வண்டி நின்றாலோ அந்தப் படிவு கெட்டிப்பட்டு, பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாத கல்லாகிவிடும். உஷ்ணமும் சத்துருவே. சூடு 10 பாகை ஏறினால் உள்ளே நிகழும் ரசாயன அரிப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது இத்துறையின் பொதுக் கணக்கு. நம் வெயிலில், அதிலும் என்ஜினின் சூட்டருகே, இரண்டு மூன்று வருஷங்களில் பேட்டரி ஆயுளை முடித்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. குளிர் நாடுகளில் சாகப்போகும் பேட்டரி காலைக் குளிரில் முனகி முன்னறிவிப்புச் செய்யும். இங்கோ இதமான என்ஜினைச் சுழற்றக் கொஞ்சம் வலுவே போதுமாதலால், நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று காலை வாய் திறவாமல் நின்றுவிடுகிறது.

சுங்காய்க் கடைவீதியில் ஒரு காலை நேரத்தில் அப்படி நின்றுபோன மைவி ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. வண்டிக்காரப் பெண்மணி தம் தாமானிலிருந்து பட்டறைக்கே நடந்து வந்து, ஒயர்மேனையும் அவருடைய கையாளையும் அழைத்துப் போயிருந்தார்.

“அங்கிள், சாவி திருப்பினா டிக் டிக்குன்னு சத்தம் மட்டும்தான் வருது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு.”

“லைட்டு கிட்டு போட்டு வச்சிட்டீங்களாம்மா?”

“இல்ல அங்கிள், நல்லா பாத்துட்டுத்தான் பூட்டுனேன்.”

பெரியவர் மீட்டரின் இரு முள்ளையும் வைத்துப் பார்த்தார்; 11.7. கையாள் பையன் 10 மில்லிமீட்டர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு சிவப்பு மூடியை நிமிர்த்தினான்.

“தம்பி, அதுல கை வைக்காத. மொதல்ல கறுப்பு. மோதிரத்த எங்க வச்ச?”

“பாக்கெட்ல இருக்குண்ணே.”

கறுப்புக் கேபிளைக் கழற்றி, அது தானாகத் துள்ளி முனையைத் தொட்டுவிடாதபடி ஒரு துணியால் சுற்றி ஒதுக்கிய பிறகே சிவப்புக்குப் போனான். நேர்முனையைச் சுற்றி வெண்பச்சைப் பூசணம்போல் உப்புப் பூத்திருந்தது. ஆப்பசோடா கரைத்த வெந்நீரை அதன்மேல் ஊற்றியதும் சீறி நுரைத்து அடங்கிற்று. அந்நீர் பேட்டரி மூடியின் துளைகளுக்குள் புகாதபடி பையன் கவனித்துக்கொண்டதும் நல்ல பழக்கமே. புதிய பேட்டரியை இறக்குமுன் பெரியவர் அதன் பெயரெழுத்தை ஒருமுறை வாசித்தார்: என்.எஸ். 40 இசட்.எல். இறுதியில் நிற்கும் எழுத்து நேர்முனை எந்தப் பக்கம் என்பதைக் காட்டுவது. அதைக் கவனியாமல் வாங்கிவிட்டால் கேபிள் எட்டாது. வலிந்து எட்டச் செய்கிற அவசரத்தில் முனை மாறிப் பொருத்திவிட்டால், ஆல்டர்னேட்டரிலுள்ள டையோடுகளும் கட்டுப்பாட்டுக் கணினியும் போய்விடும். மாட்டும்போது சிவப்பு முதல், கறுப்பு கடைசி. வண்டி ஓடத் தொடங்கியதும் மீண்டும் மீட்டரை வைத்தார், 14.2. பதின்மூன்றே முக்காலுக்கும் பதினான்கரைக்கும் இடையே நின்றால் ஆல்டர்னேட்டர் சரி. அதற்குக் கீழே நின்றால் புதுப் பேட்டரியும் சில நாளில் படுத்துவிடும். 15-ஐத் தாண்டினால் பேட்டரி கொதிக்கும். மீட்டரை வைக்காமலே பேட்டரியை விற்றுவிடுகிற கடைகளும் உலகில் இல்லாமலில்லை.

அந்தப் பையனுக்கு ‘கறுப்பு முதலில்’ என்பது விதி. காரணம் இதுதான்: வண்டியின் இரும்புடம்பு முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. எதிர்முனையைத் திருகும்போது ஸ்பானர் உடம்பில் உரசினாலும், ஒரே முனையைத் தொட்டதாகுமேயன்றி, விபரீதம் ஒன்றும் நிகழாது. எதிர்முனை இணைந்திருக்கையிலேயே நேர்முனையைத் திருகி, ஸ்பானரின் மறுகோடி பானட்டிலோ வேறோர் இரும்பிலோ பட்டுவிட்டால், பேட்டரியின் முழுச் சக்தியும் அந்த ஸ்பானர் வழியாகப் பாயும். ஆகவே விதியின் உயிர் கறுப்பு நிறத்தில் இல்லை. உடம்போடு இணைந்த முனையை முதலில் விடுவிப்பதில் இருக்கிறது. 1960-கள் வரை இங்கிலாந்திலிருந்து வந்த மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் நேர்முனையே உடம்போடு இணைக்கப்பட்டிருந்தது. தோட்டத்துத் துரைமாரும் கிராணிமாரும் ஓட்டிய அத்தகைய வண்டிகளைப் பழுது பார்த்த பழைய ஒயர்மேன் நேர்முனையைத்தான் முதலில் கழற்றியிருப்பார். பழைய மோரிஸ்களை மெருகேற்றி அணிவகுத்து ஓட்டும் ரசிகர்கள் இன்றும் உண்டாகையால், ‘கறுப்பு முதலில்’ என்பதை மட்டும் மனனம் செய்தவன் அங்கே பொறியைக் கிளப்பிவிடுவான்.

மோரிஸ் காலத்திலிருந்து தப்பிப் பிழைத்து, இன்றைய வண்டிக்குக் கேடாய் முடிந்த பழக்கம் இன்னொன்றும் உண்டு. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரி முனையைக் கழற்றிப் பார்ப்பது. அப்பொழுதும் ஓடினால் டைனமோ நல்லது, நின்றால் கெட்டது என்று முடிவு கட்டுவது. டைனமோ பூண்ட பழைய வண்டியில், கணினி ஏதும் இல்லாத அக்காலத்தில், அது முரட்டுத்தனமாயினும் பெரிய சேதம் விளைவிக்கவில்லை. ஆல்டர்னேட்டர் வந்த பிறகு கதை வேறு. மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வுகளைத் தன்னுள் வாங்கித் தணிப்பது பேட்டரியே. அதைத் திடீரென்று விலக்கினால், ஆல்டர்னேட்டர் ஒரு கணம் 12 வோல்ட்டைப் பல மடங்கு தாண்டி எகிறி, என்ஜின் கணினியைச் சுட்டுவிடக்கூடும். 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டான் சாகாவில் கார்புரேட்டர் இருந்தது. இழப்பதற்குப் பெரிய கணினி ஒன்றும் இல்லை. இன்றைய மைவியில் இருப்பனவற்றின் விலையைக் கேட்டால் அந்தப் பரீட்சை எவ்வளவு ஆடம்பரமானது என்பது விளங்கும். கோலாகலமாகக் கை வீசி முனையைக் கழற்றிக் காட்டும் போமன் எவரேனும் அகப்பட்டால், வண்டியை அவரிடமிருந்து மெல்ல மீட்டுக்கொள்வது உத்தமம்.

அடுத்தது வாயு. சார்ஜ் ஏறும்போது, விசேஷமாக அளவுக்கு மிஞ்சி ஏறும்போது, திராவகத்திலுள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறுகின்றன. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே ஒரு பொறி போதும். பேட்டரி வெடித்துத் திராவகத்தையும் பிளாஸ்டிக் துண்டுகளையும் முகத்தில் இறைக்கும். நீர்மட்டம் பார்க்கச் சிகரெட் லைட்டரைக் கொளுத்திக்கொண்டு குனிந்தவர்களின் கதைகள் பட்டறைகளில் உலவுகின்றன. அவற்றை வெறும் கதை என்று தள்ளிவிட முடியாது. வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்கையில் கடைசிக் கவ்வியைத் தீர்ந்த பேட்டரியின் எதிர்முனையில் மாட்டாமல், அதனின்று தள்ளி என்ஜினின் வண்ணம் பூசாத இரும்பில் மாட்டச் சொல்வதன் காரணமும் இதுவே. வட்டத்தைப் பூர்த்தி செய்யும் கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். அது வாயு தங்கும் இடத்துக்கு அப்பால் பறக்கட்டும். வரிசை இது: சிவப்பின் ஒரு முனை தீர்ந்த பேட்டரியின் நேர்முனைக்கு, மறுமுனை நல்ல பேட்டரியின் நேர்முனைக்கு, கறுப்பு முதலில் நல்ல பேட்டரியின் எதிர்முனைக்கு, கடைசியாகத் தீர்ந்த பேட்டரியுள்ள வண்டியின் என்ஜின் இரும்புக்கு. கழற்றும்போது அப்படியே தலைகீழ். பாசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல, மேலே தடித்த பிளாஸ்டிக்கும் உள்ளே நூல்போன்ற செம்பும் கொண்டவை. அவை என்ஜினைச் சுழற்றுவதற்குப் பதில் தாமே சூடேறி இளகுகின்றன.

திராவகத்தைப் பற்றி அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் உதவாது. திராவகத்தை ஒருபோதும் ஊற்றலாகாது, குறைந்தது நீரேயன்றித் திராவகம் அன்று. கண்ணில் தெறித்தால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மருந்து தேடி முதலில் ஓடக்கூடாது.

பேட்டரியை விட்டுக் கம்பிகளுக்கு வந்தால், அபாயம் மெதுவாகவும் மறைவாகவும் வேலை செய்வதைக் காணலாம். தோட்டத்துச் சாலைகளின் இருட்டைச் சமாளிக்க முகப்பு விளக்கை மாற்றுவது நம் இளைஞர்களின் விருப்பம். தொழிற்சாலை பொருத்திய 55 வாட் விளக்குகள் இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கின்றன. அதற்கேற்ற பருமனில்தான் கம்பியும் போட்டிருக்கிறார்கள். அவ்விடத்தில் 100 வாட் விளக்குகளை மாட்டினால் 16 ஆம்பியருக்கு மேல் ஓடும். கம்பியில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயருமாதலால், ஓட்டம் இரட்டிப்பை எட்டாத போதே சூடு மும்மடங்கைத் தாண்டிவிடும். பியூஸ் போய்விடுகிறது. போனதற்குக் காரணம் தேடாமல், 15 ஆம்பியர் நீலத்தை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் பச்சையைச் செருகுகிறார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுகிறார்கள். வீட்டைக் காக்க வைத்த நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப் போவதற்கு ஒப்பானது இது. பிறகு உருகுவது பியூஸ் அன்று, டாஷ்போர்டுக்குப் பின்னால் கட்டுக் கட்டாய்ப் போகும் கம்பிகள். பொம்பா வந்து சேருமுன் இருக்கைகளும் எரிந்து முடிந்திருக்கும். பிரகாசம் வேண்டுமானால் பேட்டரியிலிருந்து நேரே தடித்த கம்பியும், பேட்டரிக்கு மிக அருகிலேயே தனிப் பியூஸும், சுவிட்சுக்குப் பாரமில்லாதபடி ஒரு ரிலேயும் வைத்துச் செய்ய வேண்டும். இணைப்பை முறுக்கி டேப் சுற்றாமல், கிரிம்ப் அடித்து, சூட்டில் சுருங்கும் உறை போடுகிற ஒயர்மேன் கூடுதலாகச் சில ரிங்கிட் கேட்டால் கொடுக்கலாம்.

செம்பனைத் தோட்டத்துப் பக்கம் குடியிருப்போருக்கு வேறொரு விருந்தாளியும் உண்டு. கீழே சிதறும் பனம்பழத்தில் கொழுத்துப் பெருகும் எலிகள், இரவில் என்ஜினின் இளஞ்சூட்டை நாடி வந்து கம்பிகளைக் கடிக்கின்றன. இவற்றை அடக்கத்தான் 1980-கள் முதல் மலேசியத் தோட்டங்களில் பெட்டிக் கூடுகள் வைத்துக் கூகைகளை வளர்த்து வருகிறார்கள். கூகை தோட்டத்தைக் காக்குமேயன்றித் தாமானில் நிற்கும் காடியைக் காக்காது. நாட்கணக்கில் நின்ற வண்டியின் பானட்டைத் திறந்து பாராமல் சாவியைத் திருப்புவது, தோல் உரிந்த கம்பிக்கு மின்சாரம் அனுப்புவதாகும். அப்படித் திறந்து பார்க்கும்போது மஞ்சள் உறையிட்ட கம்பிகளைக் கண்டால் கை வைக்க வேண்டாம். அவை காற்றுப்பைக்கு உரியவை, பேட்டரியைக் கழற்றிய பிறகும் சில நிமிஷங்களுக்கு அவற்றில் சக்தி தங்கியிருக்கும்.

கழற்றிய பழைய பேட்டரி எங்கே போகிறது என்பதும் பாதுகாப்பைச் சேர்ந்த கேள்வியே. முற்காலத்தில் அதன் திராவகம் பின்வாசல் லோங்காங்கில் கொட்டப்பட்டது. ஈயத்தைத் தகர டப்பாவில் உருக்கி மீன்வலைக்குக் குண்டு வார்த்தார்கள். அந்தப் புகையைச் சுற்றிப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மலேசியாவில் பழைய ஈயப் பேட்டரி எஸ்.டபிள்யூ. 102 என்ற எண்ணிட்ட அபாயக் கழிவு. பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்வது சட்டத்துக்கும் பொருந்தும், பைக்கும் பொருந்தும்.

இனி வருவது வேறு யுகம். சுங்காயிலிருந்து அதே பழைய சாலையில் தெற்கே போனால் வரும் தஞ்சோங் மாலிமில் தொழிற்சாலை வைத்திருக்கும் புரோட்டான் நிறுவனம், 2024 டிசம்பரில் தன் முதல் மின்வண்டியான இ.மாஸ் 7-ஐ வெளியிட்டது. அத்தகைய வண்டியின் அடித்தளத்தில் இருப்பது நூற்றுக்கணக்கான வோல்ட் கொண்ட லித்தியம் பேட்டரி. அதன் கேபிள்களுக்கு ஆரஞ்சு வர்ணம். ‘காடிக் கரண்டு ஷாக் அடிக்காது’ என்ற நெடுநாளைய தைரியம் அங்கே உயிரை வாங்கிவிடும். உடம்போடு இணைந்த முனையை முதலில் கழற்று என்னும் நியாயமும் அங்கே செல்லாது. ஏனெனில் அப்பெரிய பேட்டரியின் இரு முனைகளில் எதுவும் வண்டியின் உடம்போடு இணைக்கப்படவில்லை. அதற்கென்று பயிற்சி பெற்று, உயர் மின்னழுத்தம் தாங்கும் ரப்பர்க் கையுறை அணிந்தவரே அதைத் திறக்கலாம். ஆனால் அதே வண்டியில் கதவையும் விளக்கையும் கணினிகளையும் இயக்கவும், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சுகளைத் தட்டிவிடவும் 12 வோல்ட்டில் சிறிய பேட்டரி ஒன்று தனியே இருக்கிறது. அது தீர்ந்தால், அடியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் வண்டி அசையாது. சுங்காய்ப் பட்டறைகளுக்கு முதலில் வந்து நிற்கப்போகும் மின்வண்டிகள் பெரும்பாலும் இந்தச் சின்னப் பேட்டரிக்காகவே வரும். அன்றைக்கு ஸ்பானரை எடுக்குமுன், அந்த வண்டியின் கைப்புத்தகத்தைத் திறந்து, சிறிய பேட்டரி எவ்வகையைச் சேர்ந்தது, ஆரஞ்சுக் கேபிள் எவ்வழியே போகிறது என்பதைப் பார்த்துவிட்டுப் பானட்டில் கை வைக்கட்டும்.